அழைத்துச் செல்பவர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று எங்கள் வார்டுக்கு மதிப்பெண் போட்டார்கள். நூற்றுக்கு முப்பத்தெட்டு. என் மகன் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் இதே முப்பத்தெட்டை வாங்கி வந்தபோது விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். இன்று எடுத்திருந்தால் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

மதிப்பெண் போட்டவன் ஆதர்ஷ் என்று ஒரு பையன். அரசு ஆஸ்பத்திரிகளின் செயல்திறனை அளக்க ஒரு கம்பெனியை அமர்த்தியிருக்கிறார்களாம், அந்தக் கம்பெனியின் ஆள். மாத்திரைத் தட்டு வைக்கிற மேசையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்துகொண்டான். மரியாதையாகப் பேசுகிறான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"சிஸ்டர், இன்னைக்கு பெட்ல இருக்கறவங்க சராசரியா எத்தனை நாளா இருக்காங்கன்னு பார்த்தோம். மத்த மாவட்டங்கள்ல இருபது, இருபத்தஞ்சு நாள். உங்க வார்டுல எழுநூறைத் தாண்டுது. ஒரு பெட்ல இருந்து வர்ற அவுட்புட் ரொம்பக் கம்மி."

"அவுட்புட்டா? இது என்ன தம்பி, நூல் மில்லா?"

சிரித்துவிட்டு எதையோ தட்டினான். நான் விடவில்லை. இது பெண்கள் மனநல வார்டு, முப்பது கட்டில், இருபத்துமூன்று கட்டிலில் வருகிறவர்கள் மூன்று வாரத்தில் தெளிந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மீதி ஏழு பேர் குணமாகியும் கூட்டிப்போக ஆள் இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடக்கிறார்கள், அந்த ஏழு பேரால்தான் உன் சராசரி இப்படி ஆகிறது என்றேன். "அதேதான் சிஸ்டர் பிரச்சனை," என்றான். அவன் சொன்ன பிரச்சனையும் நான் சொன்னதும் ஒன்றில்லை என்று அவனுக்குப் புரியவே இல்லை.

செப்டம்பருக்குள் அறுபதைத் தொடாவிட்டால் பத்துக் கட்டிலைக் குறைத்துவிடுவார்கள். குறைந்தால் முதலில் வெளியே போவது அந்த ஏழு பேர். காப்பகத்துக்கு அனுப்புவார்கள். போன முறை அனுப்பிய கோமுவைப் பார்க்க நான் அந்தக் காப்பகத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைதான் போனேன். அதற்குமேல் முடியவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆதர்ஷ் இன்றும் வந்தான். "பெட் நம்பர் பதினொன்னு, ஒன்பது வருஷமா இருக்காங்களே, அவங்களுக்கு என்ன?" என்று கேட்டான்.

பதினொன்றாம் கட்டில் பேச்சித்தாயுடையது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவன் கேட்ட நேரத்தில் பேச்சித்தாய், முந்தின நாள் வந்த பெண்ணை மடியில் சாய்த்துவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எங்கள் யாரையும் கிட்டே விடவில்லை, கையைக் கடிக்க வந்தாள். பேச்சித்தாய் ஏதோ முனகினாள், அந்தப் பெண் மடியில் படுத்துவிட்டாள். மாத்திரையும் அப்படித்தான். நாங்கள் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புவார்கள். பேச்சித்தாய் பக்கத்தில் நின்று "எங்க, ஆ காட்டு" என்றால் விழுங்கிவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கிடந்த பேச்சித்தாயைப் போலீஸ்தான் கொண்டுவந்து சேர்த்தது. அப்போது கால் முழுக்கப் புண், யாரோடும் பேச்சில்லை. இரண்டு வருஷத்தில் முழுதாகத் தெளிந்துவிட்டாள். தம்பி ஒருவன் ஒரே ஒரு தடவை வந்தான், "கொடை முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கையெழுத்துப் போட்டான். எந்தக் கோயில் கொடைத் திருவிழா என்று நான் கேட்டுவைத்திருக்க வேண்டும். இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவன் கொடுத்த விலாசத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புக் செய்யச் சொல்லி ஒரு வாரமாக இவரிடம் சொல்கிறேன். முழங்கால் வலி என்கிறார். போனில் புக் செய்ய முழங்கால் எதற்கு?

ஜூன் 12, வியாழன்

கண்காணிப்பாளர் அறையில் கூட்டம். கண்காணிப்பாளரான டாக்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மதிப்பெண்ணை எப்படி ஏற்றுவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஏழு பேரையும் மாசக் கடைசியில் டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் புது நோயாளியாக வேறு பெயரில் சேர்த்துக்கொள்ளலாம், ஆதார் இல்லாதவர்கள்தானே, கணினிக்குத் தெரியாது என்று ஒரு யோசனை வந்தது. யாருடைய யோசனை என்பது இப்போது முக்கியமில்லை. "சிஸ்டர் சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றார் டாக்டர்.

வாசல் கேமராவில் போகிறவர்கள் படம் விழ வேண்டும் என்பது புது விதி. அதனால் நிஜமாகவே வெளியே போய்விட்டு வர வேண்டும். எதிரே பூல்பாண்டியின் டீக்கடை இருக்கிறது, அங்கே உட்காரவைக்கலாம்.

இது மோசடி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கோமுவை அந்தக் காப்பகத்தில் பார்த்தவள் நான். வேறு என்ன செய்யச் சொல்கிறார்கள்?

ஜூன் 30, திங்கள்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் ஏழு பேருக்கும் நல்ல சேலை கட்டிவிட்டோம். கணினியில் நானே ஒவ்வொருத்தியாக டிஸ்சார்ஜ் போட்டேன். 'அழைத்துச் செல்பவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. தந்தை, தாய், கணவர், சகோதரர், மகன், மகள், காவல்துறை, காப்பகம். இவ்வளவுதான், ஒன்றைத் தொட வேண்டும். பேச்சித்தாய்க்குச் சகோதரர் என்று தொட்டேன், பழைய கோப்பில் அவன் பெயர்தான் இருந்தது. எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தட்டுகிற பழக்கம். "பேச்சித்தாய், தம்பி கூட்டிட்டுப் போறார்," என்று சொல்லிக்கொண்டே தட்டியிருக்கிறேன். அவள் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

மற்ற ஆறு பேரும் பூல்பாண்டி கடையில் டீ குடித்தார்கள், சிரித்தார்கள். இவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீ வேண்டாம் என்றாள். ஏதோ அசதி என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடப் போனபோது கேட்டாள்.

"தம்பி எந்த பஸ்ஸுல வாரான் சிஸ்டர்?"

கணக்குக்காக எழுதியது என்று சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே வந்தாள். அவளுக்கு அழத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். இன்று அழவில்லை.

புது நோயாளியாகச் சேர்த்தபோது செல்வி என்று பெயர் போட்டேன்.

ஜூலை 2, புதன்

அந்தக் கட்டத்தை வைத்த மகராசனை ஒரே ஒருநாள் எங்கள் வார்டில் நைட் டூட்டி பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஜூலை 16, புதன்

மதிப்பெண் அறுபத்துநான்கு. கண்காணிப்பாளர் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். ஆதர்ஷ் சென்னையிலிருந்து போன் பண்ணி, "ஒரே மாசத்துல இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததே இல்லை சிஸ்டர், என்ன செஞ்சீங்க?" என்றான். கடுமையாக உழைத்தோம் என்றேன். பாவி, அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

இவரிடம் சொன்னேன். "கட்டில் அங்கனதான் கெடக்கு, ஆளும் அங்கனதான் கெடக்கு, மார்க் மட்டும் ஏறிட்டோ?" என்று ஜாங்கிரியைத் தின்றுகொண்டே கேட்டார். சாப்பிட வந்தவருக்குக் கேள்வி எதற்கு என்று டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

இரண்டாம் தடவை. இந்தத் தடவை கல்யாணத்துக்குப் போகிற மாதிரி எல்லோருக்கும் ஒரே குஷி. பூல்பாண்டி வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தார். தங்களுக்கு அடுத்த பெயர் என்ன என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஒருத்தி மகாராணி என்று போடச் சொன்னாள். போட்டேன், என்ன போயிற்று.

பேச்சித்தாயும் பஜ்ஜி தின்றாள். பிறகு டிஸ்சார்ஜ் சீட்டை என்னிடம் நீட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். செல்வி, வயது ஐம்பது, முழுமையாகக் குணமடைந்துள்ளார், சொந்த வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் உள்ளார் என்று வாசித்தேன்.

"போன மாசம் பேச்சித்தாய்னு எழுதுன சீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சா?"

"எல்லாச் சீட்டுலயும் ஒரே மாதிரிதான் பிள்ளை இருக்கும்."

"குணமாயிட்டான்னா?"

"ஆமா."

சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கோப்பில் வைக்க வேண்டும், கொடு என்று வாங்கிக்கொண்டேன். மலர்விழி என்ற பெயரில் உள்ளே கூட்டி வந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மிக்ஸி ரிப்பேர். சட்னி அரைக்க வழியில்லை, பொடி தொட்டுச் சாப்பிட்டோம்.

போன வருஷம் புது மனநலச் சட்டம் பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். தெளிவாக இருக்கிற நோயாளி தானே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகலாம், ஆள் வர வேண்டியதில்லை என்று சொன்ன ஞாபகம். வடை கொடுத்தார்கள், தின்றுவிட்டு வந்துவிட்டோம். இது ஏன் இன்றைக்கு நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பேச்சித்தாய் திரும்பி வரவில்லை.

மூன்றாம் தடவையாக வெளியே போன ஏழு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள். அவள் பூல்பாண்டி கடையில் டீ குடித்தாளாம், டம்ளரைக் கழுவி வைத்தாளாம், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று பூல்பாண்டி சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

பழைய பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், அம்மன் கோயில் வாசல் எல்லாம் தேடியாகிவிட்டது. இவரும் முழங்கால் வலியோடு ஸ்கூட்டரில் வந்தார். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால் ஏட்டையா கேட்கிறார்.

"காணாமப் போன ஆளு பேரு என்னம்மா?"

"பேச்சித்தாய்."

"எப்பம் போனா?"

"நேத்து."

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டார். பேச்சித்தாய் ஜூன் மாதம் தம்பியோடு போய்விட்டாள் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுப் போன மலர்விழியும் முறைப்படி டிஸ்சார்ஜ் ஆனவள்தான். "யாருமே காணாமப் போகலியேம்மா," என்றார். நானே தட்டிய சீட்டுகள், புகார் கொடுக்காமலே திரும்பினேன்.

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே. ஒன்பது வருஷமாகச் சோறு போட்டோமே.

செப்டம்பர் 4, வியாழன்

வார்டு நாறிக்கிடக்கிறது. எட்டாம் கட்டிலில் பேன் தொடங்கி நான்கு பேருக்குப் பரவிவிட்டது. மாத்திரையைத் துப்புகிறார்கள், கட்டிலுக்கு அடியில் பெருக்கினால் வெள்ளை வெள்ளையாக வருகிறது. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி ராத்திரி முழுக்கக் கத்துகிறது. ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு பேர் மாற்றல் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் இந்தப் பேச்சித்தாயால் வந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

மதிப்பெண் எழுபத்தொன்பது. ஆதர்ஷ் நேரிலேயே வந்துவிட்டான், சால்வையோடு. ஒன்பது வருஷம் இருந்த நோயாளி வீட்டுக்குப் போய், இரண்டு மாசத்துக்கு மேலாகத் திரும்பி வரவில்லை, இதைத்தான் வெற்றிக் கதையாக அறிக்கையில் முதல் பக்கத்தில் போடப்போகிறானாம். பேச்சித்தாய் தம்பி வீட்டில் சந்தோஷமாக இருக்கிற மாதிரி ஒரு போட்டோ கிடைக்குமா என்று கேட்டான்.

அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் கேட்டான். "ஸ்டாஃப் எண்ணிக்கை மாறவே இல்லை சிஸ்டர். ஆனா இந்த மாசம் வேலை எல்லாமே மெதுவாகியிருக்கு. மாத்திரை கொடுக்கவே ரெண்டு மடங்கு நேரம் ஆகுது. யாராவது நீண்ட லீவுல இருக்காங்களா?"

"ஒருத்தி வேலையை விட்டுட்டா."

"ரெக்கார்டுல அப்படி யாரும் இல்லையே?"

"இருக்க மாட்டா. அவளை நீங்க நோயாளி கணக்குல எழுதி, அவளாலதான் பலன் கொறையுதுன்னு மார்க்கைக் கொறைச்சீங்க. அவ செஞ்ச வேலையை எங்க கணக்குல எழுதினீங்க. நாங்களும் சரின்னு இருந்துக்கிட்டோம்."

அவன் மடிக்கணினியை மூடினான். ஏதோ கேட்க வந்தான், கண்காணிப்பாளர் இடையில் புகுந்து டீ சாப்பிடக் கூட்டிப்போய்விட்டார். சால்வையை நான் தொடவில்லை. அந்த நாற்காலியிலேயே கிடக்கிறது.

'நாங்களும்' என்று ஏன் சொன்னேன்? நான் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

பேச்சித்தாய் எங்கே போனாள் என்று பூல்பாண்டிக்கு முதல் நாளே தெரியுமாம். அவர்தான் பஸ் ஏற்றி விட்டிருக்கிறார். இவ்வளவு நாளும் என் முன்னால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி டீ ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கண்டபடி திட்டினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒங்களுக்கு அவ வேணுமா, அவ பாத்த வேலை வேணுமான்னு தெரியாம எப்படிச் சொல்லுவேன்? அந்தப் பையன்கிட்ட நீங்க சண்டை போட்டியன்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். அதான் இன்னைக்குச் சொல்லுதேன். புது பஸ் ஸ்டாண்டு பின்னால மெஸ்ஸுல இருக்கா."

செப்டம்பர் 14, ஞாயிறு

போனேன். சின்ன மெஸ், நான்கே மேசை. பின்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து யாரோ "பேச்சியக்கா" என்று கூப்பிட்டார்கள், "வாரேன்" என்று குரல் கொடுத்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நிற்கிற அதே மாதிரி. அடுத்த நிமிஷமே உட்கார்ந்துகொண்டாள்.

இட்லி கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க சிஸ்டர். சட்னி நான் அரைச்சது."

"வார்டு பாழாக் கெடக்கு பேச்சி. வந்துரு," என்றேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"செல்வி வேணும்னா வருவா, மலர்விழி வேணும்னா வருவா. பேச்சித்தாய் ஜூன் மாசமே போயிட்டா. நீங்கதான எழுதுனீங்க."

"அது கணக்குக்கு எழுதுனது."

"குணமாயிட்டான்னு எழுதுனதுமா?"

"அது நெசம்."

"எப்பத்துலேருந்து நெசம்?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "ஏழு வருஷமா," என்றேன்.

"பின்ன ஏன் சிஸ்டர் என்னைய விடல?"

"கூட்டிட்டுப் போவ ஆள் வரணும்லா."

"இந்த மூணு மாசமும் ஆள் வரலியே. மார்க் வேணும்னதும் கேட்டைத் தெறந்துவிட்டீங்கள்லா."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் வெங்காயத் தோலை ஊதித் தள்ளிக்கொண்டே சொன்னாள். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆதர்ஷ்மேல், டாக்டர்மேல், தம்பிமேல், கணினிமேல் என்று மூன்று மாசமாக நான் சேர்த்துவைத்த கோபம் முழுக்க என் பக்கம் திரும்பி நின்றது.

கிளம்பும்போது ஒரே ஒரு உதவி கேட்டாள். மெஸ்காரம்மா நல்லவள்தான். ஆனால் இவள் எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், குணமானதற்குச் சீட்டு இருந்தால் கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்கிறாளாம். சீட்டு இல்லாவிட்டால் வேலை இல்லை, படுக்கிற இடமும் இல்லை.

"பேச்சித்தாய்ங்கற பேர்ல எழுதிக் கொடுங்க. தம்பி கூட்டிட்டுப் போனான்னு மட்டும் எழுதாதீங்க. அவன் வரலை."

செப்டம்பர் 15, திங்கள்

கணினியில் முயன்று பார்த்தேன். 'அழைத்துச் செல்பவர்' கட்டத்தில் அதே எட்டுதான். ஆஸ்பத்திரித் தாளில் கையால் எழுதினேன். நோய் குணமான ஆண்டு என்ற இடத்தில் உண்மையான ஆண்டைப் போட்டேன். வெளியேறிய நாள் ஆகஸ்ட் 29 என்று போட்டேன்.

கண்காணிப்பாளர் வாசித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இது வெளிய போனா ஜூன்ல போட்ட டிஸ்சார்ஜ் பொய்னு ஆயிடும். குணமான ஆளை ஏழு வருஷம் வச்சிருந்தோம்னும் ஆயிடும். உங்களுக்கு மே மாசம் ரிட்டயர்மென்ட் சிஸ்டர். யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு சார். நீங்க கையெழுத்துப் போடலைன்னா, அந்தப் பையன் கேட்ட வெற்றிக் கதையை நானே எழுதி அனுப்பிருதேன். முழுசா."

மூடி வைத்த பேனாவைத் திறந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார், முத்திரையும் அவரே குத்தினார்.

டூட்டி முடிந்ததும் பஸ் ஏறிப் போனேன். மெஸ்காரம்மாவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன், தலையாட்டினாள். பேச்சித்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, எழுத்தின் மேல் விரலை வைத்து, கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"அழைத்துச் சென்றவர்: யாரும் இல்லை. தானே போனார்," என்று வாசித்தேன்.

நாளைக்கு அந்த ஆறு பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், வெளியே போக ஆசை இருக்கிறதா என்று. இத்தனை வருஷத்தில் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.